மேல்பக்கத்துக் கபுறு

ஓடைக்கரை மையவாடியில் மௌத்தாகிப் போனவர்களுக்கும் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உண்டு. மேற்கே மதிலோரம், வாகை மர நிழலில், வயல்காரப் போடிமார் குடும்பங்களும் வியாபாரம் செய்யும் மரைக்கார் குடும்பங்களும் கிடந்தார்கள். கிழக்கே எருக்கலையும் அடம்பன் கொடியும் படர்ந்த வெறும் மணலில் கடற்கரை ஆட்கள். இப்படித்தான் அடக்க வேண்டுமென்று எந்தக் கிதாபிலும் இல்லை. பள்ளிவாசல் நிருவாகமும் அப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. கேட்டால், "அவரவர் சொந்தக்காரங்களுக்குப் பக்கத்தில" என்பார்கள். உயிரோடு இருக்கும் மட்டும் பிரதான வீதிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள் என்று இருந்துவிட்டு, மண்ணுக்குள் போய் மட்டும் கலந்து கிடக்க யாருக்குத்தான் மனம் வரும்?

சில வருஷமாகவே கடல் முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் மீன் வாடிகளை எடுத்தது, பிறகு தென்னைகளை எடுத்தது. இந்த வாடைக் காற்றுக் காலத்துக்கு மையவாடியின் கீழ்ப்பக்க வேலியை எடுத்துவிட்டு முதல் வரிசைக் கபுறுகளில் வாய் வைத்தது. கடலுக்கும் ஆள் தரம் தெரியும் போலிருக்கிறது.

அச்சிமுகம்மது விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு அங்கே போய் நின்றபோது, கபுறுகளின் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள் இரண்டு மூன்று சரிந்து கிடந்தன. அவனுடைய மகள் பஸ்மினாவின் கபுறு இரண்டாவது வரிசையில் இருந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே டெங்கு வந்து மௌத்தான பிள்ளை. கபுறுக்கு மேலே அடம்பன் கொடி பூத்து, மண் கலையாமல் அழகாகத்தான் கிடந்தது. ஆனால் அவன் வழமைபோல, "அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்" என்று மண்ணறையில் உள்ளவர்களுக்கு ஸலாம் சொல்லி முடித்த நேரத்தில் காலுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது.

கும். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கும். அலை அடிக்கும் சத்தம் முன்னாலிருந்து வந்தது. இது அதற்குப் பிறகு, கீழேயிருந்து வந்தது. பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவர் கையை மூடிக்கொண்டு கதவில் தட்டுவதுபோல இருந்தது. அச்சிமுகம்மது தோணி கவிழ்ந்து ஒரு பகல் முழுக்கக் கடலில் கிடந்தவன், தேர்தல் சண்டையில் பொல்லடி வாங்கி வலது தோளெலும்பு விலகியவன். அவனுக்கே உள்ளங்கால் குளிர்ந்து போயிற்று. பிள்ளையின் கபுறில் கையை வைத்தான். கைக்கும் அந்தச் சத்தம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் நதீரா வாசலில் குந்தியிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"கேட்டிச்சா?" என்றாள்.

"என்ன கேக்குற?"

"எனக்கு ஒளிக்காதீங்க. இஞ்ச குசினிக்க படுத்தாலும் கேக்குது. எண்ட புள்ள தட்டுறா."

"அது கடல், புள்ள. மண்ணுக்குக் கீழால தண்ணி வந்து அடிக்கிற."

"எதெண்டாலும் சரி. இந்த வாடை முடியிறத்துக்குள்ள அவ போயிருவா. அவக்கு நீந்தத் தெரியுமா? கடக்கரையில பொறந்தும் கால நனைக்கப் பயந்த புள்ள அது. மேல்பக்கம் எவ்வளவு இடம் சும்மா கிடக்கு. அவவ அங்கால மாத்துங்க."

"மேல்பக்கமா? ஆரு விடுவாங்க?"

நதீரா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "றம்ஸீன் ஹாஜியார்ட வாப்பாட கபுறுக்குப் பக்கத்தில ஒரு பாய் விரிக்க இடமிரிக்கி. அவர்தானே பள்ளித் தலைவர். அவர்தானே இப்ப எலக்சன் கேக்கவும் போறார். நீங்க அவருக்குப் பின்னால எவ்வளவு காலமா தொண்ட கிழியக் கத்துறீங்க? ஒரு சொல்லுக் கேக்க ஏலாதா?"

கேட்க ஏலாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் கேட்டுப் பழக்கமில்லை. சாவிப் படம் போட்ட திறப்புச் சின்னக் கட்சியில் அவனைப் போன்றவர்களுக்குப் 'போராளி' என்று பெயர். போராளி கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவான், கொடி கட்டுவான், அடி விழும் இடத்தில் முன்னுக்கு நிற்பான். பதவி, காணி, கொந்தராத்து எல்லாம் வேறு ஆட்களுக்கு. அச்சிமுகம்மதுவுக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. கட்சி தங்களைத் தலைநிமிர வைத்தது என்று மெய்யாகவே நம்பினான். வீட்டு முன் சுவரில் அவனே வரைந்த பெரிய திறப்புப் படம், பூச்சு உரிந்த இடத்திலெல்லாம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

றம்ஸீன் ஹாஜியார் வீதியும் பாலமும் கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர். ஓடைக்கரை வட்டாரத்தில் இந்த முறை திறப்புக்கு நிற்பவர். கடல் மீன் என்றால் அவருக்கு உயிர். வள்ளம் கரை தட்டுவதற்குள்ளேயே அவருடைய போன் வரும். "அச்சி, பாரை கிடக்கா? தலை எனக்கு." அச்சிமுகம்மது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முன் விறாந்தையில் போட்டிருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவான். அந்தக் கதிரைக்கு அப்பால் வீட்டுக்குள் எத்தனை அறை இருக்கிறதென்று இன்றுவரைக்கும் அவனுக்குத் தெரியாது.

அன்றைக்கும் அதே கதிரையில்தான் இருந்தான். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார்.

"கல்லு வரும் அச்சி. எலக்சன் முடியட்டும். மையவாடிக்கு முன்னால கருங்கல்லால அணை கட்டித் தருவன். நான் மேடையில செல்லியிரிக்கனே."

"செல்லிக்கிறீங்க ஹாஜி. கடலுக்கு அது விளங்குதில்லையே. புள்ளட உம்மா சோறு தின்னுறாவுமில்ல, கண்ணு மூடுறாவுமில்ல."

"விளங்குது. விளங்குது. ஆனா நீ யோசிச்சுப் பாரு. உண்ட புள்ளய மேல்பக்கம் எடுத்தா நாளைக்குச் சுபைறாட மாப்புள்ளய எடுக்கணும். நாளண்டைக்கு மத்தவன்ட உம்மாவ எடுக்கணும். மேல்பக்கத்தில எங்கட ஆக்களுக்கு இடம் வேணாமா? நிருவாகத்தில மத்தவங்க என்ன செல்லுவாங்க?"

'எங்கட ஆக்கள்' என்ற சொல்லை மேடையில் அவர் பாவிக்கும்போது அதற்குள் அச்சிமுகம்மதுவும் இருந்தான். விறாந்தையில் பாவிக்கும்போது இல்லை. அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஹாஜி, நான் இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்ல."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது. பொல்லடி பட்ட தோளைக் குலுக்கிக்கொண்டு அவன் அழ, உள்ளேயிருந்து யாரோ யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார்கள். ஹாஜியார் எழுந்து இரண்டு நடை நடந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் வேறு ஒரு தெளிவு இருந்தது. அந்த முகத்தை அச்சிமுகம்மது கொந்தராத்துக் கதை நடக்கும்போது பார்த்திருக்கிறான்.

"சரி. உண்ட புள்ளக்கு மட்டும். எண்ட வாப்பாக்குப் பக்கத்திலேயே குடுக்கன். ஆனா ஒளிச்சு மறைச்சுச் செய்யக்கூடா. அசர் தொழுகைக்குப் பொறகு, எல்லாச் சனமும் பாக்கச் செய்வம். மௌலவிட்ட நான் கதைக்கன். நம்மட மீடியாப் பொடியன்மாரையும் வரச் செல்லுறன்."

அச்சிமுகம்மது அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

செய்தி கடற்கரைக்கு அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வளவுச் சுபைறா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலித்து மௌத்தானவர். பஸ்மினாவுக்கு அடுத்த கபுறு அவருடையது.

"சந்தோசம் காக்கா. மெய்யா எனக்குச் சந்தோசம்" என்றாள், அவனை அண்ணனாக வைத்துப் பேசுபவள். "ஆனா அவர் அங்க தனிச்சிருவாரே. புள்ள பக்கத்தில கிடக்கா எண்டு ஒரு ஆறுதலா இருந்திச்சு."

 "அவருக்கும் கேப்பன்" என்றான். சொல்லும்போதே அது மேடைப் பேச்சுப் போல அவன் காதிலேயே விழுந்தது.

தோண்டிய அன்றைக்கு மழை விட்டிருந்தது. வானம் முழுக்க ஈயப் பாத்திரத்தின் நிறம். அசர் முடிந்து பள்ளியிலிருந்து வந்த சனம் மையவாடிக்குள் நிறைந்து நின்றது. மேல்பக்கத்துப் பெரிய மனிதர்கள் பலர் கீழ்ப்பக்கத்து மணலில் கால் வைத்ததே அன்றைக்குத்தான். முறைப்படி கபுறைச் சுற்றி நான்கு பேர் வெள்ளைச் சீலை பிடித்து மறைத்தார்கள். உள்ளே கபுறு வெட்டும் ஆதம்லெவ்வை மம்பட்டியோடு இறங்கினார். அச்சிமுகம்மது கபன் துணியோடு இறங்கினான். கடைசியில், யாரும் எதிர்பாராத விதமாக, ஹாஜியாரும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சீலைக்கு வெளியே போன்கள் உயர்ந்தன.

மேல் மண் இறுக்கமாக இருந்தது. அடம்பன் வேர் பின்னிப் பிடித்திருந்தது. ஆதம்லெவ்வை பக்குவமாக வேரை அறுத்து ஒதுக்கினார். இடுப்பளவு போனதும் அவருடைய மம்பட்டி ஒரு கொத்தில் பிடிவரைக்கும் இறங்கிப் போயிற்று. அவர் அதை இழுத்து எடுத்தார். அந்தத் துவாரத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. உப்பு வாசம் அடித்தது.

"அச்சி" என்றார் மெல்ல. "பலகையில்ல."

"இன்னங் கொஞ்சம் தோண்டுங்க காக்கா."

"என்னத்தத் தோண்டுற. இந்தா குனிஞ்சு பாரு."

அச்சிமுகம்மது குனிந்து பார்த்தான். பிள்ளையைக் கிடத்திப் பலகை சாத்தி மூடிய இடத்தில் ஒரு பொந்து இருந்தது. கடல் பக்கமாகச் சரிந்து, இருட்டாக, ஆள் தவழ்ந்து போகும் அகலத்துக்குப் போயிற்று. அதற்குள் தண்ணீர் ஏறி வந்தது, இறங்கிப் போயிற்று, பிறகு மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கும் என்று ஒரு சத்தம். பலகை இல்லை, துணி இல்லை, வேறு ஒன்றுமே இல்லை. கடல் கீழால் வந்து, மேலே பூத்திருந்த அடம்பன் பூ ஒன்றுகூட அசையாமல், பிள்ளையைக் கொண்டு போயிருந்தது. எப்போது போனதோ. எத்தனை வெள்ளிக்கிழமை அவன் இந்த வெறும் மண்ணுக்கு ஸலாம் சொல்லியிருக்கிறானோ. பக்கத்துக் கபுறுக்குக் கீழேயும் அதே பொந்து கிளை விட்டுப் போவது தெரிந்தது.

ஆதம்லெவ்வையின் வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. ஹாஜியாருக்கு முகம் வெளிறிவிட்டது. ஒரு கணம் அவரும் மற்ற இருவரைப்போலப் பயந்துபோன ஒரு மனிதராகத்தான் நின்றார். பிறகு சீலைக்கு வெளியே சனத்தின் இரைச்சல் கேட்டது.

"சத்தம் போடாதீங்க" என்றார் ஹாஜியார், உதட்டை அசைக்காமல். "மண்ணக் கட்டுங்க."

"ஹாஜி?"

"ஈர மண்ண அள்ளித் துணியில கட்டு அச்சி. புள்ளட அளவுக்கு."

"அது பாவம் ஹாஜி."

"பாவமெண்டா எண்ட தலையில. உண்ட பொண்டாட்டி வாசல்ல நிண்டுக்கு இரிக்கா. போய் என்ன செல்லப் போறாய்? கடல் கொண்டு போயிட்டெண்டா? அவ தாங்குவாவா? செல்லு, தாங்குவாவா?"

அச்சிமுகம்மது குனிந்தான். அவனுடைய கைகள் மண்ணை அள்ளின. பஸ்மினா எவ்வளவு நீளம் இருந்தாள் என்று கைகளுக்கு ஞாபகம் இருந்தது. தலைமாட்டில் ஒரு முடிச்சு, கால்மாட்டில் ஒரு முடிச்சு. மண்ணின் பாரம் பிள்ளையின் பாரத்தைவிடக் கூட இருந்தது. ஆனால் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கியபோது, அல்லாஹ்வே, அவன் அதைப் பிள்ளை என்றே தூக்கினான்.

ஜனாஸா தூக்கும் சந்தூக்கின் முன் தண்டை ஹாஜியார் தன் தோளில் வைத்தார். மீடியாப் பொடியன்மார் பின்னோக்கி நடந்துகொண்டே படம் எடுத்தார்கள். மேல்பக்கத்தில், வாகை மரத்துக்குக் கீழே, ஹாஜியாரின் வாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை மண் அடக்கப்பட்டது. மௌலவி துஆ ஓத, சனமெல்லாம் ஆமீன் சொன்னது.

நதீரா வாசலில் நின்றாள். "எடுத்தீங்களா?"

"ஓம்."

"நல்லபடியா?"

"ஓம் புள்ள. நல்லபடியா."

அவள் அப்படியே படியில் இருந்து, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதி அழுகை. அதற்குப் பிறகு உள்ளே போய்ச் சோறு ஆக்கினாள். பசித்தவள் போல அள்ளித் தின்றாள். அன்றைக்குச் சமைத்தது கீரி மீன் ஆணம். அச்சிமுகம்மது வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டான்.

அந்த வீடியோ ஊரையும் தாண்டி ஓடியது. அட்டாளைச்சேனையிலும் இறக்காமத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் எடுத்து அழுதார்கள். கட்டாரில் இருப்பவர்கள் இருதயப் படம் அனுப்பினார்கள். 'ஏழையின் பிள்ளைக்கும் எங்கள் பக்கத்தில் இடம்' என்று பெரிய பதாகை ஒன்று சந்தியில் ஏறியது. அதில் ஹாஜியாரின் தோளும் சந்தூக்கும் இருந்தன, சந்தூக்குக்கு அந்தப் பக்கம் அச்சிமுகம்மதுவின் பாதித் தலை இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் ஹாஜியார் சொன்னார்: தேர்தல் முடியட்டும், கீழ்ப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு ஜனாஸாவையும் மேல்பக்கம் கொண்டு வருவேன். மற்றக் கட்சிக்குத் தாவியிருந்த கடற்கரைக் குடும்பங்கள் திரும்பி வந்தன. சுபைறா தன் வேலியில் திறப்புக் கொடி கட்டினாள். அவனைக் காணும்போதெல்லாம், "எங்கட ஆளுக்கு நம்பர் எப்ப காக்கா?" என்று கேட்டாள். கோஷம் எழுப்பும் இடங்களில் இப்போது அவன் கொடியை மட்டும் பிடித்தான். பனி பிடித்துவிட்டது என்று சொன்னான்.

கொஞ்ச நாளில் நதீராவுக்கு ஒன்று உறைத்தது. வீட்டுக்காரர் இறைச்சி என்றால் தின்கிறார், முட்டை என்றால் தின்கிறார், வெறும் பருப்பு என்றாலும் தின்கிறார். மீன் என்றால் கை நீளவில்லை. முதலில் வயிறு என்றார், பிறகு பல் என்றார். கடலில் பிறந்து கடலில் வளர்ந்த மனுசன், பொரித்த சூடை மணத்துக்கு வேலிக்கு வெளியே போகிறார். வலைக்கு மட்டும் போனார். பிடித்ததை ஏலம் போடும் இடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"ஹாஜியார் இப்ப பாரைத் தலைக்குப் போன் எடுக்கிறல்லையா?" என்று ஒருநாள் வலை பொத்திக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"எலக்சன் வேல. நேரமில்ல."

"கபுறு வெட்டுற ஆதங்காக்காட பொண்டாட்டியச் சந்தையில கண்டன். அவரும் மீன் தின்னுறாரில்லையாம். கோழி வேணும் கோழி வேணுமெண்டு சண்டையாம்."

அச்சிமுகம்மதுவின் கை ஊசியோடு நின்றது. நதீரா அவன் முன்னால் குந்தினாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியது.

"அந்தக் குழிக்க மூணு பேர்தான் இறங்கினீங்க. மூணு பேருக்கும் ஒரே வயித்து வலியா?"

"நதீரா..."

"செல்ல வேணாம். வாயால செல்லாதீங்க. செல்லிட்டா நான் கேக்கணும்." எழுந்து போனவள் குசினிப் படியில் திரும்பி நின்றாள். "வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு ஹாஜியாரு நம்மட வளவில சாப்பிட வாறாரெண்டு செல்லிக்காங்க என்ன? கடக்கரை ஆக்களோட ஒரே சஹன்ல. நானே ஆக்குறன். ஆரும் உதவிக்கு வேணாம்."

அவள் அன்றைக்குப் பகல் சமைத்த மீனாணம் சட்டியோடு முற்றத்து மணலில் கவிழ்ந்து கிடந்ததை அவன் பிறகுதான் கண்டான். பூனைகூட அதை நெருங்கியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாஜியார் வீட்டிலிருந்து மாட்டிறைச்சி வந்தது. நதீரா அதைக் கூறு போட்டு அடுத்த வளவுகளுக்கு அனுப்பிவிட்டாள். சுபைறாவின் தம்பி கரையிலிருந்து ஒரு பெரிய பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதை எங்கே கொண்டுபோகிறான் என்று அச்சிமுகம்மது பார்த்துக்கொண்டுதான் நின்றான். தடுக்க அவனால் முடியவில்லை. ஒரு பக்கம் அவள் செய்யப்போவதை நினைத்துப் பயந்தான். இன்னொரு பக்கம், யாராவது இதை முடித்துவைத்தால் போதும் என்று இருந்தது.

ஜும்ஆ முடிந்து சனம் வந்தது. முற்றம் முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். காற்று அடியோடு நின்றுவிட்டது. வாடைக்காலத்தில் அப்படி நிற்பதில்லை. கடற்கரை ஆண்கள் சஹன் என்ற பெரிய தட்டுக்கு ஐந்தாறு பேராகச் சுற்றியிருந்தார்கள். நடுப் பாயில் ஹாஜியார், அவருக்குப் பக்கத்தில் அச்சிமுகம்மது, எதிரே ஆதம்லெவ்வை, சுபைறாவின் தம்பி, இன்னும் இரண்டு வலைக்காரர்கள். பெண்கள் குசினி வாசலில் தொங்கவிட்ட சீலைக்குப் பின்னால் நின்றார்கள். மீடியாப் பொடியன் ஒருவன் வேலியோரம் போனை உயர்த்திப் பிடித்தான். கடற்கரை வளவில் ஹாஜியார் கை நனைக்கப் போவது அதுதான் முதல் தரம்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார் எல்லோருக்கும் கேட்க. "ஒரு சஹன்ல மேல்பக்கமுமில்ல, கீழ்ப்பக்கமுமில்ல. இதுதான் எங்கட கட்சி."

சஹன் வந்தது. கீரிச்சம்பாச் சோறு. அதற்கு நடுவே, கண்ணும் வாயும் பெரிதாய்த் திறந்தபடி, பாரைத் தலை. சுற்றிவரப் பாரைத் துண்டுகள், புளியாணம். இறைச்சி எந்தச் சஹனிலும் இல்லை.

பிஸ்மி சொல்லி எல்லோரும் கை வைத்தார்கள். ஹாஜியார் வெறும் சோற்றில் விரலை வைத்துப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"தலை உங்களுக்குத்தான் ஹாஜி" என்றான் சுபைறாவின் தம்பி, ஆசையாக. "உங்களுக்கெண்டு தேடி எடுத்தன். இஞ்ச, நம்மட மையவாடிக்கு நேரே போட்ட வலையில பட்டது."

அவன் தலையைப் பிய்த்து, கண்ணோடு சேர்த்துச் சதையை எடுத்து, ஹாஜியாரின் பக்கச் சோற்றில் வைத்தான். ஒரே சஹனில் இருந்து தின்னும்போது விருந்தாளிக்கு அப்படி எடுத்து வைப்பதுதான் மரியாதை. அதைத் தள்ளிவிடுவது வழக்கமில்லை. ஹாஜியார் அந்தத் துண்டைப் பார்த்தார்.  விரல்கள் அந்தத் துண்டைச் சுற்றிப் போயின, தொடவில்லை.

"டொக்டர் இப்ப மீன் வேணாமெண்டிரிக்கார் தம்பி" என்றார்.

யாரோ சிரித்தார்கள். "மீன் வேணாமெண்டு செல்லுற டொக்டரா? இறைச்சியத்தானே வேணாமெண்டு செல்லுவாங்க."

"காக்கா, நீங்களாவது எடுங்க." சுபைறாவின் தம்பி அடுத்த துண்டை அச்சிமுகம்மதுவுக்கு வைத்தான். அச்சிமுகம்மதுவின் கை சஹன் விளிம்பில் கிடந்தது. தூக்கிப் பார்த்தான், தூக்க முடியவில்லை. எதிரே ஆதம்லெவ்வை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சஹனில் மற்ற மூவரும் தின்பதை நிறுத்தினார்கள். அடுத்த பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெல்லும் சத்தம் ஒவ்வொரு பாயாக நின்றுகொண்டு போயிற்று. முற்றம் முழுக்க ஆட்கள் இருந்தும், யாரும் இல்லாத வளவுபோல ஆயிற்று. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மையவாடிப் பக்கமிருந்து, மண்ணுக்குக் கீழால், கும். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கும்.

சீலைக்குப் பின்னாலிருந்து சுபைறாவின் குரல் வந்தது. ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"ஆதங்காக்கா. நீங்களும் தின்னல்லையா?"

ஆதம்லெவ்வை கண்ணைத் திறந்தார். அவர் பொய் சொல்லிப் பழகாத மனுசன். வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கையை உதறிவிட்டு எழுந்து தண்ணீர்ச் செம்பைத் தேடிப் போனார். அந்தக் குழிக்குள் இறங்கிய மூன்று பேரை முற்றமே ஒருமுறை பார்த்தது. தொடாமல் கிடந்த மீனைப் பார்த்தது.  பிள்ளை எங்கே போனாள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுபைறாவின் தம்பி வாயிலிருந்ததைக் கையில் துப்பினான். ஒருவர் பின் ஒருவராகச் சோற்றிலிருந்து கைகள் வெளியே வந்தன.

"இல்ல, அப்பிடி இல்ல, நீங்க தப்பா..." என்று ஹாஜியார் தொடங்கினார். தொடங்கியதை முடிக்க அவருக்குக் கூட்டம் கிடைக்கவில்லை. மனிதர்கள் எழுந்து அவரைச் சுற்றி, அவர் மீது முட்டாமல், பாய்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அந்த ஊரில் ஒரு வேட்பாளருக்கு அதைவிடப் பயமான ஒன்று நடந்து அச்சிமுகம்மது கண்டதில்லை. மீடியாப் பொடியன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நதீரா குசினிப் பின்வாசலால் வெளியே போனாள். அச்சிமுகம்மது கை கழுவாமல் பின்னால் ஓடினான். அவள் மையவாடிப் பக்கம் திரும்பவில்லை. நேரே கடலுக்கு நடந்தாள். அலை பாதத்தை நனைக்கும் இடத்தில் நின்று சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் கடலைப் பார்த்து. "யா அஹ்லல் குபூர்."

பின்னால் சுபைறா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். தள்ளி ஆண்களும் வந்து, தங்கள் வள்ளங்களுக்குப் பக்கத்தில், எந்த வலையையும் தொடாமல் நின்றார்கள். நதீரா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உங்கட மகளுக்கு ஸலாம் செல்லுங்க" என்றாள். "இத்தின நாளா வேற எங்கயோ செல்லிக்கு இருந்திருக்கம்."

வாழ்நாள் முழுக்கக் கோஷம் எழுப்பி மற்றவர்களைப் பின்னால் சொல்லவைத்தவன் அவன். இப்போது நதீரா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவளுக்குப் பின்னால் அச்சிமுகம்மது சொன்னான்.